தன்னை அறிவது எப்படி: முன்னரே எழுதி, பின்னர் ஒப்பிடும் முறை

தன்னை அறிதல் என்றவுடன், தனிமையில் அமர்ந்து நெடுநேரம் தன்னைப் பற்றிச் சிந்திப்பதுதான் பலருடைய நினைவுக்கு வருகிறது. அப்படிச் சிந்திப்பதில் தவறொன்றும் இல்லை. மனம் அடங்குவதற்கு அது உதவும். ஆனால் வேலையிடத்திலும் வீட்டிலும் நாம் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறோம், எந்தக் காரியம் நமக்குக் கைவருகிறது, எந்த இடத்தில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறோம் என்பதையெல்லாம் அறிந்துகொள்ள அது போதாது. நம்மிடம் நாமே ஒரு கேள்வியைக் கேட்டால் மனம் உடனே ஒரு பதிலைத் தந்துவிடுகிறது. அந்தப் பதில் சரிதானா என்று பார்ப்பதற்கு வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டியிருக்கிறது.

ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. ஒரு கடையில் நான்கு இணை நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, அவற்றுள் தரமானது எது என்று வந்தவர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒன்றேபோல் இருந்தவை. ஆயினும் இடக்கோடியில் இருந்ததை 12 சதவீதத்தினரும், வலக்கோடியில் இருந்ததை 40 சதவீதத்தினரும் தேர்ந்தெடுத்தனர். வைத்திருந்த இடம்தான் தேர்வை நிர்ணயித்தது என்பது வெளிப்படை. ஆனால் காரணம் கேட்டபோது, இடத்தைப் பற்றி ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமா என்று நேரடியாகக் கேட்டபோதும் ஏறக்குறைய அனைவரும் மறுத்தனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் செயலுக்குப் பொருத்தமாகத் தோன்றிய காரணத்தை மனமார நம்பிச் சொன்னார்கள். பதவி உயர்வு கிடைக்காததற்கும், நண்பருடன் மனக்கசப்பு வந்ததற்கும் நாம் சொல்லும் காரணங்களும் இதே வழியில் பிறப்பவையே என்பதை ஏற்றுக்கொண்டால்தான் இந்த வழிகாட்டியின் மற்றப் பகுதிகள் பயன்படும்.

இங்கே சொல்லப்போகும் முறைக்கு அடிப்படை ஒன்றுதான்: நடப்பதற்கு முன்னரே எழுதி வைக்க வேண்டும், நடந்த பின்னர் அதை எடுத்து ஒப்பிட வேண்டும், நம் கண்ணுக்குப் படாததை மற்றவர்களிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெளிவாக விளங்குவதற்காக, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் அண்மையில் சீனியர் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர் தரும் பையருக்கும் (வாங்குபவருக்கும்) தொழிற்சாலைக்கும் இடையே வேலையை ஒருங்கிணைப்பவராகப் பொறுப்பேற்று, தனக்குக் கீழே நான்கைந்து பேரை வைத்து வேலை வாங்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வேறு தொழிலில் இருப்பவர்கள் தத்தம் வேலையை அந்த இடத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

எதிர்பார்ப்பை எழுதி வைத்தல்

நிர்வாகவியல் சிந்தனையாளர் பீட்டர் டிரக்கர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரையில், முக்கியமான முடிவு எதையும் எடுக்கும்போது அதிலிருந்து என்ன விளையும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை எழுதி வைத்து, ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் கழித்து உண்மையில் விளைந்ததோடு ஒப்பிட வேண்டும் என்றார். பல ஆண்டுகளாக அவரே கடைப்பிடித்த வழக்கம் அது. பொறியாளர், கணக்காளர் போன்ற துறை வல்லுநர்களைத் தன்னால் இயல்பாகவே புரிந்துகொள்ள முடிகிறது என்பதையும், பொதுவான நிர்வாகத்தில் இருப்பவர்களோடு தன் மனம் அப்படி ஒட்டுவதில்லை என்பதையும் அந்த ஒப்பீட்டின் மூலமே வியப்போடு கண்டுகொண்டதாக அவர் எழுதியிருக்கிறார். பிறருக்கு ஆலோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவருக்கும் தன்னைப் பற்றிய இந்தச் செய்தி எழுத்தின் வழியாகத்தான் கிடைத்திருக்கிறது.

எழுதாமல் நினைவில் வைத்துக்கொண்டால் ஆகாதா என்றால், ஆகாது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் பயணம் மேற்கொள்வதற்கு முன்பு, பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்னும் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் அந்தப் பயணங்களில் எவையெவை நிகழக்கூடும் என்று கணிக்கச் சொன்னார்கள். பயணங்கள் முடிந்த பிறகு, முன்பு சொன்ன கணிப்பை நினைவிலிருந்து சொல்லுமாறு கேட்டபோது, நடந்துவிட்டதாகத் தாங்கள் அறிந்த நிகழ்ச்சிகளுக்கு உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே மாணவர்கள் பெரும்பாலும் நினைவுகூர்ந்தனர். நடந்து முடிந்ததும் 'எனக்கு அப்போதே தெரியும்' என்ற எண்ணம் பழைய நினைவின்மேல் படிந்துவிடுகிறது. எழுத்துக்கு அந்தக் குறை கிடையாது.

ஆகவே ஒரு நோட்டை வாங்கி, அதை இதற்காக மட்டும் ஒதுக்கி வையுங்கள். செல்பேசியில் எழுதுவதும் சரிதான். ஆனால் செல்பேசிக் குறிப்பை எப்போது வேண்டுமானாலும் தடம் தெரியாமல் திருத்திவிடலாம் என்பதால், பேனாவால் எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். பழைய குறிப்பைத் திருத்துவதில்லை என்பது இதில் மீறக்கூடாத விதி. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று குறிப்புகள் போதும். எல்லாவற்றையும் எழுதப் புகுந்தால் பத்தே நாளில் சலித்துவிடும்.

நம் மெர்ச்சன்டைசரின் நோட்டில் ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம் (லேப் டிப் என்பது, நிறம் சரிதானா என்று பையர் பார்ப்பதற்காகச் சாயம் ஏற்றி அனுப்பும் சிறு துணி மாதிரி):

"மார்ச் 4. 24,000 டி-ஷர்ட் ஆர்டர். லேப் டிப் ஒப்புதல் மார்ச் 14-க்குள் வந்துவிடும். எவ்வளவு உறுதி: நூற்றுக்குத் தொண்ணூறு. ஏன் அப்படி நினைக்கிறேன்: அதே பையர், ஏறக்குறைய அதே நீலம், சென்ற முறை முதல் தடவையிலேயே ஓகே ஆனது. இப்போது மனநிலை: உற்சாகம். பையர் நேற்றுப் பாராட்டி மெயில் அனுப்பியிருந்தார்."

இதில் ஐந்து செய்திகள் இருக்கின்றன: தேதி, சரிபார்க்கக்கூடிய ஓர் எதிர்பார்ப்பு, அதன்மேல் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லும் ஓர் எண், அந்த வேளையில் காரணமாகத் தோன்றியது, எழுதும்போது இருந்த மனநிலை. கடைசிச் செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் மிகுதியாகப் பேசுவது அதுதான். 'இந்த ஆர்டர் நன்றாகப் போகும்' என்பது போன்ற எதிர்பார்ப்பை எழுதிப் பயனில்லை. நன்றாகப் போயிற்றா இல்லையா என்பதை நமக்குச் சாதகமாக எப்படியும் வளைத்துச் சொல்லிவிடலாம். வேறொருவர் படித்துவிட்டு 'நடந்தது' அல்லது 'நடக்கவில்லை' என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லும்படி எழுதுங்கள்.

நாள் வந்ததும், அந்தக் குறிப்பின் கீழேயே வேறு நிற மையில் நடந்ததைப் பதிவு செய்யுங்கள்: "மார்ச் 23. முதல் தடவை நிராகரிக்கப்பட்டது. சாயப்பட்டறையில் மீண்டும் போட்டு அனுப்பி ஒப்புதல் வாங்கினோம்." விளக்கமும் வருத்தமும் வேண்டாம். ஒரு தேதி தவறியதிலிருந்து நம்மைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது. சாயப்பட்டறை தாமதித்திருக்கலாம், பையரின் அலுவலகத்தில் விடுமுறையாக இருந்திருக்கலாம். ஏறத்தாழ இருபது குறிப்புகள் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை வரிசையாகப் படித்தால்தான் ஒழுங்கு புலப்படத் தொடங்கும்.

அப்போது முதலில் பார்க்க வேண்டியது, தவறுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது. கால மதிப்பீட்டில் பெரும்பாலோருக்கும் ஒரே சாய்வு உண்டு. ரோஜர் பியூலரும் சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் ஆனது 55.5 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சராசரிகூட 48.6 நாள்தான். ஆகவே உங்கள் நோட்டிலும் தேதிகள் தள்ளிப்போயிருந்தால் அது மனித இயல்பு என்று எடுத்துக்கொண்டு, அதைவிட நுட்பமானதைத் தேடுங்கள்: எந்தச் சூழ்நிலையில் எழுதிய குறிப்புகள் மற்றவற்றைவிட அதிகமாகத் தவறுகின்றன?

நம் மெர்ச்சன்டைசர் தன் குறிப்புகளை அப்படிப் பிரித்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பையர் கண்டிப்பாகப் பேசிய நாள்களில் அவர் கொடுத்த தேதிகள் ஓரளவு சரியாக இருக்கின்றன. பையர் பாராட்டிய நாள்களில் கொடுத்த தேதிகள் ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் தவறியிருக்கின்றன. தான் கணக்குப் போடத் தெரியாதவர் என்று இதுவரை அவர் தன்னைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். நோட்டு காட்டுவது வேறு. அவருக்குக் கணக்கு வருகிறது. பாராட்டுக் கிடைத்ததும், அந்த நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையில் நாள்களை விட்டுக்கொடுத்துவிடுகிறார். அந்த நாள்களைத் தையல் பிரிவில் இருப்பவர்கள் இரவுப் பணி பார்த்து ஈடுகட்டுகிறார்கள். ஈடுகட்ட முடியாதபோது, தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கை நிறுவனம் தன் செலவில் விமானத்தில் அனுப்புகிறது. இவ்வளவு குறிப்பான ஒரு செய்தி உட்கார்ந்து யோசிப்பதால் கிடைக்காது. இதற்குத் தீர்வும் குறிப்பானதாகவே அமைந்துவிடுகிறது: பாராட்டு வந்த அன்று எந்தத் தேதியையும் உறுதி செய்யாமல், மறுநாள் காலை பதில் அனுப்பினால் போதும்.

கால மதிப்பீட்டை மட்டுமன்றி, மனிதர்களைப் பற்றிய எதிர்பார்ப்புகளையும் இதேபோல எழுதலாம். "புதிதாகச் சேர்ந்த பையனிடம் இந்த ஸ்டைலை முழுதாக ஒப்படைக்கிறேன்; மூன்று முறைக்கு மேல் என்னிடம் சந்தேகம் கேட்க வருவான்" என்று எழுதி வைத்து, அவன் ஒரு முறைதான் வந்தான் என்றால், உங்களுக்குப் பிறர் திறமைமேல் நம்பிக்கை குறைவு என்பதற்கு அது ஒரு சான்று. வெற்றிகளையும் விடாமல் எழுதுங்கள். எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்த காரியங்கள்தாம் உங்கள் பலம் இருக்கும் இடத்தைக் காட்டுபவை. அவை எளிதாக முடிந்துவிடுவதாலேயே நாம் அவற்றைக் கவனிப்பதில்லை.

கோபத்தையும் கூச்சத்தையும் கவனித்தல்

முடிவுகளைப் போல உணர்ச்சிகளை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது. அவை வந்த பிறகுதான் எழுத முடியும். ஆனால் எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். 'எனக்கு ஏன் இப்படிக் கோபம் வருகிறது?' என்று தொடங்கினால் மனம் மீண்டும் அந்தக் காலுறைக் கடைக்குப் போய்விடும்: சிறுவயது வளர்ப்பு, ராசி, மேலதிகாரியின் குணம் என்று ஏதாவது ஒரு காரணத்தை எடுத்துக் கொடுக்கும். அதற்கும் மேலாக, அந்தக் கேள்வியையே சுற்றிச் சுற்றி வருவது வேதனையைக் கூட்டவும் செய்யும். 'ஏன்' என்பதற்குப் பதில் 'என்ன' என்று கேட்பது நல்லது. என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, நான் என்ன சொன்னேன், அடுத்து என்ன ஆயிற்று?

வாராந்திரக் கூட்டத்தில் ஓர் இளைய ஊழியர், "அந்தத் தேதிக்கு முடியாதுங்க்கா, கட்டிங்கே இன்னும் ஆரம்பிக்கல" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறார். நம் மெர்ச்சன்டைசர் சட்டென்று, "முடியாதுன்னு சொல்றதுக்கா உங்கள வச்சிருக்கோம்?" என்று கேட்டுவிடுகிறார். அன்று மாலை அவர் எழுத நினைப்பது, 'அவளுக்கு என்மேல் மரியாதை இல்லை' என்பதாக இருக்கும். அது தீர்ப்பு, நிகழ்ச்சி அன்று. மேசைமேல் இருந்த ஒரு செல்பேசி அந்த அறையைக் காணொளியாகப் பதிவு செய்திருந்தால் அதில் எது இருந்திருக்குமோ அதை மட்டும் முதலில் எழுத வேண்டும்: அவள் சொன்ன வாக்கியம், இவர் சொன்ன வாக்கியம், அதன் பிறகு கூட்டம் முடியும்வரை வேறு யாரும் எந்தத் தேதியையும் பற்றி வாய் திறக்கவில்லை என்பது. அடுத்து, காணொளியில் பதியாத உடற்குறிகளை எழுதலாம்: காது மடல் சூடானது, குரல் உயர்வதற்கு முன்பே தாடை இறுகியது. தீர்ப்பை வேண்டுமானால் கடைசியில், 'எனக்குத் தோன்றியது' என்று தலைப்பிட்டு எழுதிக்கொள்ளலாம்.

உடற்குறிகளை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோபம் சொல்லாக வெளிப்படுவதற்குச் சில நொடிகள் முன்பே பலருக்கும் உடம்பில் அது தெரிந்துவிடுகிறது. அந்தக் குறி ஒவ்வொருவருக்கும் வேறுபடும். சிலருக்கு வயிறு இறுகும், சிலர் கையிலுள்ள பேனாவை அழுத்திப் பிடிப்பார்கள், சிலருக்குப் பேச்சு வேகமாகும். உங்களுடைய குறி எது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை அது தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் அளவுக்காவது இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் செய்யக்கூடிய எளிய பயிற்சி ஒன்றையும் சொல்லலாம். ஈத்தன் க்ராஸும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான வேளையில் 'நான்' என்று நினைக்காமல் தம் பெயரைச் சொல்லித் தம்மிடமே பேசிக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைந்ததையும், அவர்கள் நிலைமையைச் சற்று விலகி நின்று பார்க்க முடிந்ததையும் கண்டனர். தோழிக்கு ஆறுதல் சொல்வதுபோல, பெயர் சொல்லி, 'நீ இப்போது எதற்கு அவசரப்படுகிறாய்?' என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மற்றவர்களிடம் கேட்டல்

இந்த முறையில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்னும் இருவர் 1955-இல் ஒரு நான்கு கட்டப் படத்தை முன்வைத்தனர். இருவருடைய முதற்பெயர்களையும் இணைத்து அது ஜோஹாரி சாளரம் என்று அழைக்கப்படுகிறது. நமக்கும் பிறருக்கும் தெரிந்தது, நமக்கு மட்டும் தெரிந்தது, இருவருக்குமே தெரியாதது ஆகிய மூன்று கட்டங்களோடு, பிறருக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாதது என்ற ஒரு கட்டமும் அதில் உண்டு. அலுவலகத்தில் நமக்கு இழப்பை உண்டாக்குவது பெரும்பாலும் அந்தக் கட்டம்தான்.

ஆனால் பிறர் சொல்வதெல்லாம் சரி, நாம் நினைப்பதெல்லாம் தவறு என்றும் கொள்ளக்கூடாது. சிமின் வசீரே 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு நல்ல எல்லையை வகுத்துத் தருகிறது. கவலை, தன்மதிப்பு போன்ற அகத்தே நிகழ்பவற்றை அவரவரே நன்றாக மதிப்பிடுகிறார்கள்; அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்று, நல்லது கெட்டது என்ற மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் பண்புகளை நண்பர்களே சரியாக மதிப்பிடுகிறார்கள்; கலகலப்பாகப் பேசுவது போன்று வெளிப்படையாகத் தெரிபவற்றை யாரும் மதிப்பிடலாம். ஆகவே 'நான் உள்ளுக்குள் பயந்தேன்' என்பதை நீங்கள் யாரிடமும் உறுதி செய்துகொள்ள வேண்டியதில்லை. 'நான் விளக்கினால் எல்லாருக்கும் புரியும்' என்பதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

எப்படிக் கேட்பது? நம் ஊர் அலுவலகங்களில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம், "நான் எப்படி நடந்துக்கறேன், தயங்காம சொல்லு" என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் போகுதுங்க்கா" என்ற ஒரே பதில்தான் வரும். அந்தப் பதிலுக்காக அவர்மேல் குறைபட முடியாது. நாளைக்கு விடுப்புக் கேட்டு வர வேண்டியது உங்களிடம்தான். வயதும் பதவியும் சேர்ந்து எழுப்பியிருக்கும் அந்தத் தயக்கத்தைக் கேட்பவர்தான் உடைக்க வேண்டும். அதற்கு முதல் வழி, கேள்வியை ஆளைவிட்டு விலக்கி, ஒரு செயலின்மேல் வைப்பது. "நேத்து ஃபிட் சாம்பிள் பத்தி நான் மெயில்ல எழுதுனதுல எந்த இடம் குழப்பமா இருந்துச்சு?" என்று கேட்டால் பதில் சொல்வது எளிது. இரண்டாவது, நடந்ததைக் கேட்பதைவிட அடுத்த முறையைப் பற்றிக் கேட்பது: "அடுத்த வாரக் கூட்டத்த நான் வேற மாதிரி நடத்தணும்னா, எத முதல்ல மாத்தலாம்?" இதற்குச் சொல்லும் பதில் குறை கூறுவதாகத் தோன்றாமல் யோசனை சொல்வதாக அமைந்துவிடுகிறது. மூன்றாவது, குறையை நீங்களே எடுத்து வைத்து அளவை மட்டும் அவரிடம் கேட்பது: "கூட்டத்துல நான் குறுக்க பேசறேன்னு எனக்கே தோணுது; எப்பவாவதா, அடிக்கடியா?"

பதில் வரும்போது நடந்துகொள்ளும் முறையில்தான் அடுத்த பதில் வருமா என்பது இருக்கிறது. விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். "அன்னைக்கு ஷிப்மென்ட் டென்ஷன்ல இருந்தேன்" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சொன்னவர் காதில் அது 'நீ சொன்னது தவறு' என்றே விழும். நன்றி சொல்லிவிட்டு, அவர் பயன்படுத்திய சொற்களை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நம் சொற்களில் மாற்றி எழுதும்போதே அதன் கூர்மை மழுங்கிவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து அவரிடமே போய், "நீங்க சொன்னதால இத மாத்திப் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். அதன்பின் நீங்கள் கேட்காமலேயே சொல்ல ஆரம்பிப்பார்.

கிடைக்கும் கருத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதும் முக்கியம். அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996-இல், செயல்திறன் பற்றிய பின்னூட்டம் குறித்து அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் அது பயன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறனைக் குறைத்திருந்தது என்று கண்டனர். கவனம் வேலையிலிருந்து விலகி, 'நான் எப்படிப்பட்டவன்' என்ற கேள்வியை நோக்கித் திரும்பும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே 'நீங்கள் குறுக்கே பேசுகிறீர்கள்' என்று ஒருவர் சொன்னால், அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதைப் பற்றி நினையுங்கள். நான் அகம்பாவம் பிடித்தவளா என்ற ஆராய்ச்சிக்குள் இறங்க வேண்டாம்.

யாரிடம் கேட்பது என்பதில் என் கருத்து உறுதியானது. மூன்று பேர் போதும்: உங்கள் வேலையை அன்றாடம் அருகிலிருந்து பார்ப்பவர் ஒருவர், உங்கள் நலனில் அக்கறை இருந்தும் முகத்துக்கு நேராக இடித்துரைக்கத் தயங்காதவர் ஒருவர், வீட்டில் ஒருவர். வீட்டாரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அலுவலகத்தில் அடக்கி வைத்த சிடுசிடுப்பை வாங்கிக்கொள்பவர்கள் அவர்கள்தான். பத்து வயதுப் பிள்ளையிடம், "அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் எப்படி இருக்கேன்?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை எப்போதும் புகழ்பவரையும், உங்கள் தோல்வியில் ஏதேனும் ஆதாயம் இருப்பவரையும் இந்த மூவரில் சேர்க்க வேண்டாம். மூவரில் இருவர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமலே ஒரே கருத்தைச் சொன்னால், அதைப் பெரும்பாலும் உண்மையென்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே இருக்கும் பதிவுகள்

நாம் எழுதாமலே நம்மைப் பற்றிப் பதிவாகிக்கொண்டிருப்பவையும் பல. செல்பேசியின் திரை நேரக் கணக்கு, வங்கிக் கணக்கின் மாதப் பட்டியல், அனுப்பிய மெயில்கள், வாட்ஸ்அப் குரல் பதிவுகள் ஆகியவை நடந்ததை நடந்தபடி வைத்திருக்கின்றன. உங்களுக்கு முக்கியமானவை என்று நீங்கள் கருதும் மூன்றை ஒரு தாளில் எழுதிவிட்டு, சென்ற மாதப் பணமும் நேரமும் எவற்றுக்குப் போயின என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகளில் ஐந்தாறை, பெற்றவர் இடத்தில் இருந்து மறுபடி கேட்பதும் மிகுந்த பயன் தரும்; நம் குரலில் ஏறும் கட்டளைத் தொனி பேசும்போது நமக்குக் கேட்பதில்லை.

கண்டதை வைத்து என்ன செய்வது

கண்ட குறைகளை எல்லாம் ஒரே சமயத்தில் திருத்த முயல வேண்டாம். ஒரு காலாண்டுக்கு ஒன்று போதும். அதையும் 'இனிக் கோபப்பட மாட்டேன்' என்பது போன்ற பொதுத் தீர்மானமாக வைக்காமல், 'இது நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் எழுதுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்த இந்த வடிவம், வெறும் தீர்மானத்தைவிட நன்றாகச் செயல்படுவதாக அறியப்பட்டிருக்கிறது; செய்ய வேண்டிய தருணம் முன்கூட்டியே அடையாளம் காணப்பட்டிருப்பதால் அப்போது புதிதாக முடிவெடுக்க வேண்டியிருப்பதில்லை. "கூட்டத்தில் யாராவது முடியாது என்று சொன்னால், 'எந்தத் தேதிக்கு முடியும்?' என்று மட்டும் கேட்பேன்." "பையர் பாராட்டி எழுதினால், தேதி பற்றிய பதிலை மறுநாள் காலைக்கு வைப்பேன்." இவற்றை அந்த நோட்டிலேயே எழுதி, எத்தனை முறை கடைப்பிடித்தோம் என்பதையும் குறித்து வரலாம்.

தெரியவரும் எல்லாவற்றையும் திருத்தியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சில குறைகளைத் திருத்துவதற்கு ஆகும் உழைப்பை, ஏற்கெனவே நன்றாக வரும் ஒன்றில் செலவிட்டால் கிடைக்கும் பலன் பன்மடங்காக இருக்கும். எண்களை நுணுக்கமாகச் சரிபார்ப்பது உங்களுக்கு ஆகிவரவில்லை, ஆனால் பையரிடம் பேசிச் சிக்கலை அவிழ்ப்பது கைவந்த கலை என்று ஓராண்டுக் குறிப்புகள் காட்டினால், சரிபார்ப்பைக் குழுவில் அதில் தேர்ந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பிறரைக் காயப்படுத்தும் பழக்கங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றை மற்றவரிடம் ஒப்படைக்க முடியாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நோட்டைத் திறந்தாலே தன்மேல் வெறுப்பு வருகிறது, எழுதியதை நினைத்து உறக்கம் கெடுகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வேலையில் வளர்வதற்காகத் தொடங்கிய பயிற்சி தன்னையே தண்டிக்கும் பழக்கமாக மாறிவிடக்கூடாது. மென்மையான மனம் படைத்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

தொடங்குவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த ஒரு வாரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும் ஒரு காரியத்தை இன்றே தேர்ந்தெடுத்து, அந்த ஐந்து செய்திகளோடு முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, முடிவு தெரிந்தவற்றின் கீழே நடந்ததைக் குறியுங்கள். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் இருபது குறிப்புகள் சேர்ந்துவிடும். அப்போது அவற்றைச் சூழ்நிலைவாரியாகப் பிரித்துப் பார்த்து, அதில் தென்படும் ஒழுங்கை ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டு, அந்த வாக்கியம் சரிதானா என்று உங்கள் மூவரில் ஒருவரிடம் கேளுங்கள்.